வர இயலாதவர்கள்

பட்டாளத்து ஆட்சியை நாம் பார்த்ததில்லை. பத்திரிகையை மடக்க அத்தனை பெரிய செலவு எதற்கு? ஒரு சிவப்புப் பென்சில் போதும்.

பத்தாண்டு புதுச்சேரி வாசத்தை முடித்துக்கொண்டு 1918 நவம்பரில் எல்லை தாண்டிய பாரதியைப் பிடித்துக் கடலூர் சிறையில் போட்டார்கள். டிசம்பரில் விட்டார்கள், எழுதுவதை முதலில் போலீசுக்குக் காட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு. மகாகவிக்கு அரசாங்கச் சம்பளத்தில் ஒரு வாசகர்! இத்தனை அக்கறையான வாசகர் நம் பத்திரிகைகளுக்கு மறுபடி வாய்த்தது, நாடு சுதந்திரமடைந்து 28 ஆண்டு கழித்து, 1975 ஜூனில்.

அப்போது வந்த நெருக்கடி நிலையில், கைதானவர் பெயரைப் பத்திரிகையில் போடக்கூடாது. 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, மிசா சட்டத்தில் கழகத்தார் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மூன்றே நாளில் அண்ணா நினைவு நாள். அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று தி.மு.க. ஏடான முரசொலி ஒரு பட்டியல் போட்டது. சென்னை முதல் குமரி வரை கழகத்தார் வீடுகளில் விஷயம் புரிந்துவிட்டது.

தணிக்கைக்காரர்தான் பாவம், எதை அடிப்பார்? வராதவன் வரவில்லை என்பது ராஜத்துரோகமா என்ன?