தொட்டபெட்டாவும் தபால் பதிவேடும்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுத பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 3 மணி நேரம், 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர் என்பதும், நிதி ஆணையத்துக்கு அரசியலமைப்பின் 280-ஆவது பிரிவு என்பதும், 1976-இன் 42-ஆவது திருத்தம் முகவுரையில் எந்தெந்தச் சொற்களைச் சேர்த்தது என்பதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும். அப்போதுதான் இளநிலை உதவியாளராகித் தபால் பதிவேட்டில் வரிசை எண் போட முடியும். தொட்டபெட்டாவை அளந்தவர்களுக்கே இவ்வளவு பரீட்சை இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

இந்தத் தேர்வில் எனக்குப் பிடித்தது ஐந்தாவது கட்டம்: 'விடை தெரியவில்லை.' தெரியாவிட்டால் வெறுமனே விடக்கூடாது, அதைக் கறுப்பாக்கி ஒப்புக்கொள்ள வேண்டும். மதிப்பெண் கிடையாது. தப்பாக ஊகித்தாலும் குறைப்பதில்லை என்பதால், யோக்கியனுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை.

வேலை கிடைத்த பிறகு பொதுமக்கள் தேர்வு நடத்துவார்கள். "சார், பட்டா மாறுதல் என்னாச்சு?" இதற்கும் விடைகள் தயார்: அ) நாளைக்கு வாங்க, ஆ) ஐயா லீவு, இ) சர்வர் வேலை செய்யல, ஈ) பக்கத்து சீட்ல கேளுங்க. ஐந்தாவது கட்டம் மட்டும் இங்கே அச்சாகவில்லை.

தேர்வர்களே, இ-சேவை மையத்தில் ஒருநாள் வரிசையில் நின்று பாருங்கள். எந்த கைடிலும் இல்லாத பொது அறிவு அங்கே இலவசம்.