ரசம் கேட்டு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: கேன்டீன் நிர்வாகக் குழு உறுப்பினர் (தொழிலாளர் தரப்பு), சிப்காட், ஓசூர்.

பெறுநர்: உணவுப் பிரிவு மேலாளர் அவர்கள், பொழுதுபோக்குப் பூங்கா. (பூங்காவின் பெயரை எழுதவில்லை. ஒருவர் பெயரைப் போட்டால் மற்றவர்கள் இது நமக்கு இல்லை என்று இருந்துவிடுவார்கள்.)

பொருள்: தங்கள் பூங்காவில் கேன்டீன் குழு அமைத்துத் தருவது தொடர்பாக.

பார்வை: தங்கள் பில். நீர்ச்சறுக்கில் நனைந்து எழுத்து அழிந்துவிட்டது. தொகை மட்டும் அழியவில்லை, மனதில் இருக்கிறது.

ஐயா,

எங்கள் கம்பெனியின் குடும்ப நாளுக்குத் தங்கள் பூங்காவுக்கு வந்திருந்தோம். டிக்கெட் கம்பெனி செலவு, சாப்பாடு அவரவர் பொறுப்பு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். அந்த இரண்டாவது வரியின் கனம் உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது. பூங்கா கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று யாராவது கேட்டால் சொல்ல மாட்டேன். எல்லையில் இருக்கும் ஜூஜூவாடியில் நின்று எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் போய்ச் சேருகிற இடத்தில் விலைப்பலகை ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிற்சாலையில் கேன்டீன் குழு என்று ஒன்று உண்டு. நிர்வாகத்தின் தரப்பில் சிலர், தொழிலாளர் தரப்பில் சிலர். சாம்பாரில் பருப்பு இருக்கிறதா, முட்டை பெரிதா சிறிதா, டீயில் பால் எவ்வளவு, இதையெல்லாம் கூடிப் பேசி மினிட்ஸ் எழுதிக் கையெழுத்துப் போடுவது எங்கள் வேலை. வெளியே இருப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். போன கூட்டத்தில் சப்பாத்தியின் கனத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். ஒடிசா, ஜார்கண்ட் பையன்கள் மெல்லிசாக வேண்டும் என்றார்கள், காண்ட்ராக்டர் மெஷினைக் காட்டினார், மெஷினுக்கு வாய் இல்லை என்பதால் கடைசியில் அதன்மேல் பழி போட்டு முடித்தோம். புகார்ப் புத்தகத்தில் யாரோ ஒருவர் வாரந்தோறும் "ரசம் தண்ணி" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார். அவருக்கும் நாங்கள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

இது யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் வைக்கச் சொல்லி மாநில அரசு விதி போடலாம் என்றது. லாபம் வைக்காமல் விற்க வேண்டும், விலைக்குக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி வந்தது. 1976இல் ஒரு திருத்தம் செய்தார்கள். கேன்டீன் நடத்தும் செலவில் எவையெவை முதலாளி தலையில் விழ வேண்டும், எவற்றைச் சோற்று விலையில் ஏற்றக் கூடாது என்று விதியில் எழுதிவைக்க அது வழி செய்தது. 2020இல் வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 250ஐ 100 ஆக இறக்கிவிட்டது.

இப்போது தங்கள் பூங்காவுக்கு வருகிறேன். காலையில் கேட்டில் வரிசை. பையைத் திறந்து சோதனை. கையில் பட்டை. ஒருமுறை வெளியே போனால் மறுபடி உள்ளே விட மாட்டீர்கள். அலைக்குளத்தில் அலை வருவதற்கு முன் ஹூட்டர் ஊதுகிறது. மாலை வரை நூற்றுக்கணக்கான பேர் காம்பவுண்டுச் சுவருக்குள். எங்கள் ஆட்கள் பலருக்கு இது ஜெனரல் ஷிப்ட் என்றே பட்டது. ஹூட்டர் ஊதியதும் ஃபிட்டர் அண்ணன் ஒருவர் வழக்கப்படி டீக்கு எழுந்துவிட்டார். வித்தியாசம் சம்பளத்தில்தான். அங்கே அவர்கள் எங்களுக்குக் கொடுக்கிறார்கள், இங்கே நாங்கள் உங்களுக்குக் கொடுக்கிறோம். சம்பளமும் கொடுத்து லாபமில்லாமல் சோறும் போடு என்று அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. உங்களுக்கு இல்லை. இந்தக் குறையைத் தாங்களாகவே முன்வந்து நிவர்த்தி செய்ய வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

வாசல் மேசையில் இருந்து தொடங்குகிறேன். எங்களுக்கு முன்னால் வந்த குடும்பங்களின் டிபன் கேரியர்கள் அதன்மேல் அடுக்கி இருந்தன. வாழையிலையில் கட்டிய புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், எள்ளுருண்டை, மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று. "ஊட்டா ஒளகடே பிடல்ல சார்" என்று கன்னடத்தில் தடுத்தார் செக்யூரிட்டி தம்பி. பாகலூர்ப் பாட்டி ஒருவர் தெலுங்கில், "பில்லலு ஏமி தின்டாரு பாபு?" என்று கேட்டார். தம்பி தமிழுக்கு மாறி, "உள்ள எல்லாம் கிடைக்கும் பாட்டி" என்றார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மூன்று மொழியும் பழக்கம்தான். மூன்று மொழியிலும் சோறு பறிபோனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாலையில் திரும்ப வாங்கியபோது புளிசாதம் அப்படியே இருந்தது, அது எதையும் தாங்கும். தயிர்சாதம்தான் புளித்துவிட்டது.

இதற்குத் தங்கள் தரப்பில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டுவார்கள். 2023 ஜனவரியில் வந்தது. தியேட்டருக்குள் வெளிச் சாப்பாட்டைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்றது. அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் விசாரணையின்போது ஜிலேபியை உதாரணம் காட்டினார்: பிசுக்குக் கையை ஒருவர் இருக்கையில் துடைத்துவிட்டால் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்று. நியாயமான கேள்வி. ஆனால் அது தியேட்டர் ஐயா. தங்களுடையது தண்ணீர்ப் பூங்கா. காலை முதல் மாலை வரை தலையோடு முழுகிக்கொண்டிருப்பவன் விரலில் ஜிலேபிப் பாகு எவ்வளவு நேரம் நிற்கும்? அதே வழக்கில், சுகாதாரமான குடிதண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதையும் நீதிமன்றம் விடவில்லை. அந்தப் பாதியைத் தங்கள் செக்யூரிட்டி தம்பிக்கு யாரும் படித்துக் காட்டவில்லை போலிருக்கிறது.

தண்ணீர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. தேடினோம், இருந்தது. லாக்கர் அறைக்குப் பின்னால், கழிப்பறைக் கதவை ஒட்டி ஒரு குழாய். தொழிற்சாலையில் குடிதண்ணீர் இடம் கழிப்பறைக்கு 6 மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்பது பழைய விதி. பெரும்பாலோருக்குப் புரியும் மொழியில் "குடிதண்ணீர்" என்று எழுதி வைக்கவும் வேண்டும். ஆள் அதிகமுள்ள ஆலையில் வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீரும் தர வேண்டும். தங்கள் குழாய்மேல் எந்த மொழியிலும் எதுவும் எழுதவில்லை. பாட்டில் கவுண்டர் மட்டும் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் பக்கத்தில், நல்ல வெளிச்சத்தில்.

20 ரூபாய் அச்சடித்த பாட்டில் 40 ரூபாய். அச்சடித்த விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று 2011ஆம் ஆண்டு விதி இருக்கிறதே என்றேன். உடனே கவுண்டர் பையன் மூடியைத் திருகித் திறந்து, ஒரு பேப்பர் கப்பையும் பக்கத்தில் வைத்தான். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஹோட்டலில் உட்கார்ந்து குடிப்பவன் தண்ணீரை மட்டும் வாங்கவில்லை, இடத்தையும் உபசாரத்தையும் சேர்த்து வாங்குகிறான், அதனால் கூட விலை போடலாம் என்று சொன்னது. மூடி திறந்ததுதான் உபசாரம் என்று புரிந்துகொண்டேன். இடம் என்பது தகரக் கூரையும் ஈர பெஞ்சும். ரயில்வே தன் ரயில் நீர் பாட்டிலை 2025 செப்டம்பரில் வரி குறைந்ததும் 15 ரூபாயிலிருந்து 14 ஆக்கியது. ஒரு ரூபாய்தான், ஆனால் அது கைக்கு வந்து சேர்ந்தது. தங்களிடம் அந்தச் செய்தி வந்து சேரவே இல்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். தயிர்சாதம் 140 ரூபாய், உள்ளங்கை அளவுப் பேப்பர் கிண்ணத்தில். அரசின் அம்மா உணவகம் 2013இல் தயிர்சாதத்தை 3 ரூபாய்க்குப் போட்டது. அந்தக் கணக்கில் உங்கள் ஒரு கிண்ணத்துக்கு 46 தட்டு வாங்கி, மீதி 2 ரூபாயில் இரண்டு இட்லியும் சாப்பிடலாம். அரசு நஷ்டம் தாங்குகிறது, எங்களால் முடியுமா என்பீர்கள். முடியாது, ஒப்புக்கொள்கிறேன். மழை நாளில் கூட்டம் இல்லை, மோட்டாருக்குக் கரண்ட் பில், உயிர்காக்கும் ஆட்களுக்குச் சம்பளம், எல்லாம் தெரியும். அதற்கெல்லாம்தான் டிக்கெட் இருக்கிறது. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் கட்டுகிறோம், 2018 ஜனவரி வரை 28 கட்டினோம். ராட்டினத்துக்குப் போடும் கிரீஸ் செலவைத் தயிர்சாதத்தில் ஏற்றாதீர்கள் என்பதுதான் நான் கேட்பது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் சாரமும் அதேதான்.

வெஜ் பிரியாணி 220. அதில் காய் என்று ஒரு பீன்ஸ் துண்டைக் கண்டுபிடித்து மகள் எல்லோருக்கும் காட்டினாள். உருளை ஃப்ரை எண்ணெயின் நிறத்தைப் பார்த்ததும் எனக்குக் குழுப் புத்தி வந்துவிட்டது. பொரிக்கும் எண்ணெயில் போலார் கூட்டுப்பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து சொல்லி வருகிறது. எங்கள் கேன்டீனில் அதற்கு ஒரு பட்டைக் காகிதம் வைத்திருக்கிறோம். தங்கள் கடாயில் அதை நனைக்க விடுவீர்களா என்று கேட்டேன். மாஸ்டர், "அண்ணா, டோக்கன் நம்பர் சொல்லுங்க" என்றார்.

மாம்பழ ஜூஸ் 110 ரூபாய். இதில் எனக்கு வருத்தம் கொஞ்சம் அதிகம். மனைவி ஊர் கிருஷ்ணகிரி பக்கம், மாமனார் தோப்பில் தோத்தாபுரி. 2025 சீசனில் அந்தப் பழத்தின் விலை கிலோவுக்கு ஒற்றை இலக்கத்துக்கு விழுந்து, பறிக்கிற கூலிக்குக் கட்டாமல் பலர் மரத்திலேயே விட்டார்கள். அந்தப் பழம் கூழ் ஆலைக்குப் போய், கூழாகி, டின்னில் அடைந்து, எங்கெங்கோ சுற்றி, ஐஸும் சர்க்கரைத் தண்ணீரும் சேர்ந்து உங்கள் கவுண்டரில் வந்து நிற்கிறது. மாமனார் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு விலையைக் கேட்டார். நான் சொல்லவில்லை.

கேன்டீன் குழுக்காரனாக நான் இதுவரை எழுதியதெல்லாம் குற்றச்சாட்டு. இனி ஒரு பாராட்டு.

மதியம் இரண்டரை மணிக்கு, டோக்கன் வரிசையில் நிற்கும்போது, எங்கிருந்தோ ரசம் கொதிக்கும் வாசனை வந்தது. மிளகு, பூண்டு, கடைசியில் போட்ட கொத்தமல்லி. மெனு பலகையில் ரசம் இல்லை. வாசனை பிடித்துக்கொண்டே போனேன். "ஊழியர்கள் மட்டும்" என்று எழுதிய கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டிக்கெட் கிழிக்கும் பெண்கள், ராட்டினம் ஓட்டும் பையன்கள், நம் செக்யூரிட்டி தம்பி, எல்லோரும் எவர்சில்வர் தட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாதம், கீரைக் கடைசல், முட்டைக்கோஸ் பொரியல், ரசம், மோர். அப்பளம்கூட இருந்தது. தம்பி என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, "சார், இங்க வரக்கூடாது" என்றார். சொன்னவர் வாயில் அப்பளம் நொறுங்கியது. என்ன விலை என்று கேட்டேன். சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்களாம், அவ்வளவுதானாம்.

ஆகவே உங்களுக்குச் சமைக்கத் தெரியாமல் இல்லை. லாபம் பார்க்காமல் சோறு போடவும் தெரிகிறது. கூட்டத்துக்கு ஆக்கும் அடுப்பும், ரசம் வைக்கத் தெரிந்த கையும் உள்ளேயே இருக்கின்றன. வாடிக்கையாளன் என்றதும்தான் அந்தக் கை மறந்துபோகிறது.

ஒகேனக்கலை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். கடையில் மீனை நாமே பொறுக்கி வாங்கி, அடுப்புப் போட்டிருக்கும் அக்காவிடம் கொடுத்துவிட்டு எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகலாம். திரும்பும்போது குழம்பு தயார். மீனுக்கு ஒரு விலை, சமையலுக்கு ஒரு கூலி, இரண்டும் கண்முன்னே. அங்கேயும் பேரம் உண்டு, சண்டை உண்டு. ஆனால் வீட்டுச் சோற்றுப் பொட்டலத்தைப் பிடுங்கி வைக்க மேசை போட்டு ஆள் நிறுத்தவில்லை.

மேசையைப் பற்றி இன்னொரு செய்தி. 2019இல் ஷாங்காய் டிஸ்னிலேண்டில் சட்டக் கல்லூரி மாணவி ஒருவர் கொண்டுபோன நொறுக்குத்தீனியைத் தடுத்தார்கள். அவர் வழக்குப் போட்டார். அந்தக் கம்பெனி அமெரிக்காவில் உள்ள தன் பூங்காக்களில் வீட்டுச் சாப்பாட்டை விடுகிறது, ஷாங்காயில் விடவில்லை என்று சீனப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. செப்டம்பரில் கம்பெனி விதியைத் தளர்த்தியது, மாணவிக்கு 50 யுவான் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. ஓசூரில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். பயமுறுத்தவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

என் கோரிக்கை சிறியது. ஊழியர் கேன்டீனின் அந்தக் கதவை முழுதாகத் திறந்துவிடுங்கள். ஊழியர் கொடுக்கும் விலைக்கு எங்களுக்கு வேண்டாம், தயாரிப்புச் செலவைப் போல இரண்டு மடங்கு போடுங்கள். அப்போதும் வெஜ் பிரியாணியைவிட மலிவாகத்தான் இருக்கும், பீன்ஸும் தேட வேண்டியதில்லை.

அடுத்த குடும்ப நாளுக்கு எங்கள் ஹெச்.ஆர். சில பூங்காக்களிடம் கொட்டேஷன் கேட்டிருக்கிறார், தங்களிடமும்தான். இந்த முறை சாப்பாட்டுப் பொறுப்பைக் கேன்டீன் குழு பார்க்கும் என்று மினிட்ஸில் ஏற்றியாயிற்று. ஆர்டர் கொடுப்பதற்கு முன் மாதிரிச் சாப்பாடு ருசி பார்ப்பது எங்கள் வழக்கம். நாள் சொல்லுங்கள், சி ஷிப்ட் முடித்தவர்களாகப் பார்த்து அழைத்து வருகிறேன், நல்ல பசியோடு இருப்பார்கள். டிக்கெட் எடுக்க மாட்டோம். ஊழியர் வாசல் வழியாகவே வருகிறோம்.

இப்படிக்கு,
கேன்டீன் குழு உறுப்பினர்,
தொழிலாளர் தரப்பு.

இணைப்பு: எங்கள் கேன்டீனின் வாராந்திர மெனு, ஒரு பிரதி. வியாழக்கிழமை ராகிக் களி, அதற்குக் கோழிக் குழம்பு. "ரசம் தண்ணி" என்று எழுதுபவரையும் ருசி பார்க்கக் கூட்டி வருகிறேன்.