'ஹாய் சார்' என்றால் என்ன செய்வது?

முந்தாநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் வாட்ஸப்பில் 'ஹாய் சார்' என்று வந்தது. அவ்வளவுதான். விடியும்வரை மேற்கொண்டு ஒரு எழுத்து இல்லை. அனுப்பியவர் யார் தெரியுமா? போன வாரம் எங்கள் ஆபீசுக்கு வந்து, தெளிவாகப் பேசிப் பழகுவது எப்படி என்று ஸ்லைடு ஸ்லைடாகப் போட்டுக் காட்டி, மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுப் போன பயிற்சியாளர்.

இந்த விஷயத்தில் உருப்படியாக மூன்று யோசனைகள் சொல்லலாமென்றுதான் உட்கார்ந்தேன். முதலாவது: வந்த விஷயத்தைச் சொல்லுங்கள்.

சொன்னால் என்ன குறைந்துவிடும், கேட்கிறேன். நாம் 'சொல்லுங்க' என்று எழுத வேண்டுமாம். எழுதினால் அங்கே 'டைப்பிங்' ஓடும். நிற்கும். மறுபடி ஓடும். ராமாயணமே வரப்போகிறது என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டால், 'எப்படி இருக்கீங்க?' நன்றாக இருக்கிறேன், சொல்லுங்க. 'வீட்ல எல்லாரும் சௌக்கியமா?' சௌக்கியம், சொல்லுங்க. 'சாப்டாச்சா சார்?' ஆச்சு, இட்லி. அதற்கு ஒரு கட்டைவிரல். இட்லிக்கு எதற்கு ஐயா கட்டைவிரல்? 'ஃப்ரீயா இருக்கீங்களா?' என்று அடுத்தது. 2014-இல் அந்த நீல டிக்கைக் கண்டுபிடித்துத் தொலைத்தார்கள். படிக்கவில்லை என்று புளுகவும் வழியில்லை. ஃப்ரீதான். 'ஒரு சின்ன விஷயம்.' சொல்லுங்க. 'கால் பண்ணவா?' பண்ணுங்க. பண்ண மாட்டார்கள். ஆறு நிமிஷத்துக்கு வாய்ஸ் நோட் வரும். அதில் முதலில் பஸ் ஹாரன். அப்புறம், 'ஹலோ, கேக்குதா சார்?' பதிவு செய்த குரல் என்னைக் கேட்கிறது! கேட்கிறது என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல? 2021-இல் இதையெல்லாம் இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்க வசதி செய்து கொடுத்தார்கள், புண்ணியவான்கள். ஆனால் இல்லாத விஷயம் இரட்டை வேகத்தில் இல்லாமல் போகிறதே தவிர, வேறு லாபமில்லை. கடைசியில், 'மத்ததை நேர்ல பேசிக்கலாம் சார்.'

தந்தி என்று ஒன்று இருந்தது. 2013 ஜூலையில் இழுத்து மூடிவிட்டார்கள். வார்த்தைக்குக் காசு. அதனால் 'பாட்டி சீரியஸ் உடனே புறப்படு' என்பதோடு முடித்துக்கொண்டார்கள். பாட்டிக்கு என்ன, எப்போதிருந்து என்பதெல்லாம் ஊருக்குப் போய்த் தெரிந்துகொள்கிற சமாசாரம். கல்யாண வாழ்த்துக்கு நம்பரே இருந்தது. நம்பரைச் சொன்னால் போதும், அந்தப் பக்கம் முழு வாசகமாகப் போய்ச் சேரும். டிரங்க் காலில் மூன்று நிமிஷம் ஆனதும் ஆபரேட்டர் குறுக்கே வந்துவிடுவார். வெறும் 'ஹாய்' என்று தந்தி அடித்துவிட்டு, பதில் தந்திக்காகத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மனிதன் ஒருத்தனைக் காட்டுங்கள் பார்ப்போம்.

எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்தால் மரியாதையாக இருக்காதாம். பக்கத்து சீட்டுப் பையன் சொல்கிறான். ராத்திரி பத்து மணிக்கு ஒருவனை எழுப்பி, எதற்கு எழுப்பினோம் என்று சொல்லாமல் தான் மட்டும் தூங்கப் போவது எந்த ஊர் மரியாதை? அதிலும் மேனேஜர்கள் ஒரு ரகம். 'நாளைக்கு வந்ததும் என்னைப் பாருங்க.' புள்ளி வைத்து முடித்திருப்பார். அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே பி.எஃப். எவ்வளவு தேறும், வீட்டுக் கடன் இன்னும் எத்தனை தவணை என்று விடிய விடியக் கணக்குப் போட்டுவிட்டு, காலையில் நெற்றியில் விபூதியோடு போய் நின்றால், பிரிண்டர் பாஸ்வேர்டு கேட்கிறார். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கு வந்தால் நீங்கள் மேனேஜர்.

இதையெல்லாம் வீட்டில் புலம்பினேன். "நீங்க மட்டும் என்னவாம்? காலைல எழுந்தா 'காபி'. கிளம்பும்போது 'சாவி'. நான் ஒரு மணி நேரம் பேசினா 'ம்'. இதுக்கு அந்த ஹாய் சார் எவ்வளவோ தேவலை. சாப்டாச்சான்னாவது கேக்கறார்" என்றாள்.

"நான் வார்த்தைக்குக் காசு கொடுத்த காலத்து ஆள்."

"ரேட் என்னன்னு சொல்லுங்க. நான் கட்டிடறேன்."

இன்னும் முடிவு செய்யவில்லை. ராத்திரி ஒன்பதுக்கு மேல் தனிக் கட்டணம் வைக்கலாமா என்று பார்க்கிறேன்.