பேரு கொடுக்க வந்தவன் பாதி தெளிஞ்சவன்

ஏலேய் பேரப்புள்ள, இப்படி வந்து உக்காரு. சிகிச்சைக்குப் போனவன்ல முக்காவாசிப் பேரு குடியை விட்டுட்டான்னு நேத்து அந்தக் குதி குதிச்சியே, ரொம்பச் சந்தோசம். எந்தக் குடிகாரன்டா போனான்னு கேட்டா மட்டும் முழிக்கியே.

நீ வாசிச்சுக் காட்டுன அமெரிக்கா சமாச்சாரத்தையே எடுத்துக்க. கம்பைன்னு ஒரு ஆராய்ச்சி, 2006-ல முடிவு சொன்னாங்க. 1383 பேரு, எல்லாம் தானா முன்வந்தவங்க. குடியை நிறுத்த எந்த மருந்து, எந்த ஆலோசனை தேவலைன்னு பார்க்கத்தான் கூப்பிட்டது. ஆனா உள்ள நுழையணும்னா குறைஞ்சது 4 நாளு ஒரு சொட்டுத் தொட்டிருக்கக் கூடாதாம்! அப்படி இருக்க முடிஞ்சவனை நம்ம ஊர்ல குடிகாரன் கணக்குலயே சேர்க்க மாட்டாங்களேடா. மருந்து கொடுக்க ஒடம்பு தெளிஞ்சிருக்கணும், அது ஞாயந்தான். வந்தவங்களைக் குலுக்கிப் போட்டுப் பிரிச்சிருக்கான், அதுவும் ஞாயந்தான். இந்த மருந்தா அந்த மருந்தான்னு அவங்களுக்குள்ள ஒப்பிட்டுக்கலாம். வாசப்படியே மிதிக்காதவனுக்கு அந்தக் கணக்கு எப்படிலே பொருந்தும்?

அதுக்கு முந்தி மேட்ச்னு ஒண்ணு, 1726 பேரு. மூணு வகைப் பேச்சு வைத்தியம். மூணுக்கும் ஏறக்குறைய ஒரே பலன். 2005-ல கட்லர், ஃபிஷ்பெய்ன்னு ரெண்டு பேரு அதுல வெளிநோயாளிக கணக்கைத் திரும்பக் கிளறுனாங்க. பேரைக் கொடுத்துட்டு வைத்தியத்துப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆளுக கொஞ்சம் பேர் உண்டுல்ல, அவனுக சராசரியா 100 நாள்ல 72 நாள் குடிக்காம இருந்திருக்கானுக! முளை விட்ட விதையாப் பொறுக்கி நட்டுட்டு, தண்ணி ஊத்துனவன் மீசையை முறுக்குன கதைதான். வைத்தியமே வெத்துன்னு நான் சொல்லலை, அப்படிப் போய் எவன்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே. விடணும்னு மனசு திரும்புனவன்தான் வீட்டை விட்டுக் கிளம்பி வந்து கையெழுத்தே போடுறான். அந்த மனசால வந்த பலனை எவன் பேர்ல எழுதன்னுதான் கேக்கேன்.

சரி, வெளிய நின்னது யாரு? ஹம்ஃப்ரீஸ், வைஸ்னர்னு ரெண்டு பேரு 2000-லயே எழுதிட்டாங்க. ஆராய்ச்சிக்காரங்க போடுற விதிகள்ல அதிகமாக் கழிஞ்சு போறது கறுப்பினத்தவங்க, காசில்லாதவங்க, குடி முத்திப் போனவங்க, மனநோயும் சேர்ந்து வாட்டுறவங்க. யாருக்கு அவசரமோ அவனுக்குக் கதவு சாத்து!

இனி எவனாவது நூத்துக்கு இத்தனை பேரு தெளிஞ்சான்னு சொன்னா சண்டைக்கு நிக்காதே. பவ்யமாக் கையைக் கட்டிக்கிட்டு, "அய்யா, எத்தனை பேரைக் கூப்பிட்டீக, எத்தனை பேரைத் திருப்பி அனுப்புனீக, பாதியில ஓடுனவனை எந்தக் கணக்குல வச்சீக?"ன்னு கேளு. பதில் சொன்னா நல்ல டாக்டரு. காபி சாப்பிடுறியான்னு பேச்சை மாத்துனா, காபியைக் குடிச்சிட்டு வந்துரு.