பாவம், அந்த மாத்திரை

மேனாம்பேட்டில் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) உள்ள பெண்ணுக்கு வைத்தியர் பஞ்சமே இல்லை. எதிர்வீட்டு அத்தை கழற்சிக்காய்ப் பொடியில் மிளகு சேர்க்கச் சொல்வார், மாடிவீட்டு அக்கா கருஞ்சீரகம் என்பார். கல்யாணமானால் சரியாகிவிடும் என்பதில் மட்டும் தெருவே ஒருமனம். மாதவிடாய் சீராக மருத்துவர் தந்த கருத்தடை மாத்திரையை நிறுத்தியபின் அது இரண்டு மாதம் தள்ளிப்போனால் தீர்ப்பு தயார்: "அந்த மாத்திரைதான் உடம்பைக் கெடுத்துடுச்சு." கருத்தடை மாத்திரையின் 21 நாள் அட்டை முடிந்ததும் வருவது, ஹார்மோன் நின்றதால் வரும் உதிரப்போக்கு. கருமுட்டை வெளிவந்ததற்கு அது சாட்சியல்ல. மாத்திரை நின்றதும் தலைகாட்டுவது பழைய கோளாறுதான்.

அப்படியானால் மாத்திரையே ஏமாற்றா? இல்லை. கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகாமல் காத்தது அதுதான். அந்தக் காவல் போனபின் 90 நாள் தாண்டியும் மாதவிடாய் வராவிட்டால் மகப்பேறு மருத்துவரிடம் போகவேண்டும், நாட்டுமருந்துக் கடைக்கு அல்ல. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிறது என்பதும் உண்மைதான். 80 கிலோவுக்கு அது நாலு கிலோவில் தொடங்குகிறது. ஆனால் "நடம்மா" என்பவர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் முடித்து வருபவள் எப்போது தூங்குவாள், பைக் ஏறிய நடைபாதையில் எங்கே நடப்பாள் என்று சொல்வதில்லை. ஒல்லியானவளுக்கும் பிசிஓஎஸ் வரும், அவளை இளைக்கச் சொல்ல முடியாதே, அதனால் "நல்லா சாப்பிடு." பிசிஓஎஸுக்கான 2023இன் சர்வதேச வழிகாட்டுதல் 1 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. அதை மட்டும் எந்த அத்தையும் சொல்வதில்லை, பொடி விற்கும் யூடியூப் சேனலும்.