கோடைப் பறவைத் திருவிழாவுக்குப் புறப்படுதல்: ஓர் அளவையியல் ஆய்வு

திருவிழா என்றால் கொடியேற்றம் வேண்டும், ராட்டினம் வேண்டும், போகட்டும், ஒரு மைக்செட்டாவது வேண்டும். இவை ஒன்றுமே இல்லாமல் மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் உலகம் முழுக்க ஒரு திருவிழா நடக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தார் 2015இல் தொடங்கிவைத்த ‘குளோபல் பிக் டே’ அது. அன்று யார் வேண்டுமானாலும் தாம் கண்ட பறவைகளை இ-பேர்ட் செயலியில் பதியலாம். இந்தியப் பறவை நோக்கர்கள் அதே நாளை நம் மண்ணுக்கே உரிய பறவைகளைத் தேடும் நாளாகவும் ஆக்கிக்கொண்டார்கள். இவ்விழாவை முன்னிட்டுப் பொள்ளாச்சிக் குடும்பம் ஒன்று வால்பாறைக்குப் புறப்பட்ட வகையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பறவைகளைப் பற்றி நூல்கள் பல உள; புறப்பாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஆய்வெல்லை: ஒரு வீடு, ஒரு வாடகை வேன், ஓட்டுநர் நீங்கலாக எழுவர். முதன்மைத் தரவு ஆய்வாளர் கண்ணால் கண்டவை. துணைமைத் தரவு ஆய்வாளரின் மனைவி சொன்னவை. இரண்டும் முரண்பட்ட இடங்களில் துணைமைத் தரவே கொள்ளப்பட்டது.

கோடையில் பறவை ஏது, வேடந்தாங்கலே காய்ந்து கிடக்குமே என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? குளிர்காலத்தில் வலசை வந்தவை ஊர் திரும்பியபின் எஞ்சுபவை உள்ளூர்ப் பறவைகள். மேற்குத் தொடர்ச்சி மலையில் அவற்றுள் பலவும் தென்மேற்குப் பருவமழைக்கு முந்திய இம்மாதங்களில்தான் கூடு கட்டுகின்றன. கூடு கட்டும் பறவை பாடும். பாடும் பறவை இருக்குமிடம் தெரியும். விருந்தாளிகள் கிளம்பிய பிறகுதான் வீட்டுக்காரர் முகத்தை நிம்மதியாகப் பார்க்க முடிகிறது என்பதை ஒப்பு நோக்குக.

திட்டமிடல் மூன்று வாரம் முன்னரே தொடங்கியது. முதல் பூசல் பைனாக்குலர் பற்றியது. மச்சான் வாங்கி வந்தது 8×42. பத்து மடங்கு இருக்க எட்டுக்கு ஏன் காசு கொடுத்தாய் என்றார் அவர் மனைவி. எட்டு என்பது பெருக்கம், 42 என்பது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில், பெருக்கம் கூடினால் கையின் நடுக்கமும் சேர்ந்து கூடும், ஒரே விட்டத்தில் கண்ணுக்கு வரும் ஒளிவட்டமும் சுருங்கும் என்று மச்சான் விளக்கினார். அத்தனையும் உண்மை. ஆயினும் அன்றிரவு அவருக்குத் தோசை எட்டாவதாகத்தான் வந்தது.

அடுத்தது நிறம். காட்டுக்குக் காட்டு நிறத்தில்தான் போக வேண்டும், பறவைகள் நம்மைவிட நிறம் நன்றாக அறியும் என்று நான் அறிவித்தேன். இவ்விதியின் பேரில் மனைவி ராமர் பச்சையில் ஒரு புதுப்புடவை எடுத்தார். விதி செய்தவனே விலையும் கொடுக்க வேண்டும் என்பது பின்னர்த் தெரிந்தது. மச்சான் மகன் மட்டும் ஐ.பி.எல். முடியும் வரை மஞ்சள் ஜெர்சியைக் கழற்ற மறுத்துவிட்டான்.

இனி நேரம். “காலைல நாலு மணிக்கு டாண்ணு கிளம்பறோம்” என்றார் மச்சான். ‘டாண்’ என்னும் இடைச்சொல் இலக்கணிகளால் போதிய அளவு ஆராயப்படவில்லை. என் களத்தரவின்படி, அது நேரப்பெயரை அடுத்து வரும்போது ஒன்றரை மணி முதல் இரண்டேகால் மணி வரை மிகும் என்னும் பொருள் தருகிறது. அன்று நடந்தது வருமாறு. நாலு மணிக்கு முதலாமவர் குளிக்கப் போனார். நாலே காலுக்குத் தேங்காய்ச் சட்னி மலை ஏறுவதற்குள் ஊசிப்போகும் என்ற ஐயம் எழுந்து, தக்காளித் தொக்கு அடுப்பேறியது. ஐந்து மணிக்கு எல்லாரும் வேனில். அத்தையை மட்டும் காணோம். விடியாமல் கோழிகளைத் திறந்துவிட்டால் மரநாய் பிடித்துவிடும், திறக்காமல் போனால் நாள் முழுக்கக் கூடையில் கிடக்கும், ஆகவே விடியட்டும் என்று வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பறவை பார்க்கும் பயணத்துக்கு முதல் தடையாக அமைந்தவையும் பறவைகளே. வேன் நகர்ந்தபோது மணி ஆறு ஐந்து.

ஆழியாறு தாண்டினால் வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. இருபத்து மூன்றாவதில் மஞ்சள் ஜெர்சி வாயைப் பொத்தியது. வேன் ஓரங்கட்டியது. பையனின் முதுகைத் தடவினார் அவன் அம்மா. என் மனைவி தண்ணீர் பாட்டிலோடு ஓடினார். மச்சான் பைனாக்குலர் பையின் ஜிப்பை இழுக்க, அது உள்துணியைக் கடித்துக்கொண்டது. நான் பறவை நூலில், நாங்கள் காண வந்த இருவாட்சியின் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அத்தை மட்டும் மைல்கல்லின் மேல் காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

அப்போது தலைக்கு மேலே ஓர் ஓசை. பழைய நீராவி ரயில் மூச்சு விடுவதுபோல, விட்டு விட்டு. நிமிர்ந்தேன். இலைதான் இருந்தது.

“ஏனுங் மாப்ள, இதைப் பாக்கத்தான் வந்தமா?” என்றார் அத்தை.

“எதைங்க அத்தை?”

“எத்தாச்சோடு இருந்துச்சு! கருப்பும் வெள்ளையுமா. மூக்கு மேல இன்னொரு மூக்கு. மூஞ்சிக்கு மஞ்சப் பூசிட்டுப் போகுதுங்க, பூசுனது றெக்கையிலயும் ஈசியிருக்குது.”

இந்த இடத்தில்தான் நம் ஆய்வு அளவையியலுக்குள் நுழைகிறது. அறிவு பிறக்கும் வழிகளாகக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றை நம் தருக்க நூலார் முதன்மையாக வைத்தனர். அத்தையுடையது காண்டல். என்னுடையது கருதல், மலையில் புகை கண்டு நெருப்பு உண்டென்பதுபோல, சிறகோசை கேட்டு இருவாட்சி உண்டென்பது. மற்றவர்க்கு உரை. மச்சானுடையது எதிலும் சேராது. அவர் அதைக் கீழே வந்த லாரியின் ஏர் பிரேக் என்று நினைத்திருந்தார்.

சிக்கல் செயலியில் முளைத்தது. அடையாளம் தெரிந்த பறவைகள் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்களா என்று அது கடைசியில் கேட்கும். ஆம் என்றால் அது முழுப் பட்டியல். எழுதாத பறவை அங்கே தென்படவில்லை என்றும் ஆய்வாளர்கள் அதிலிருந்து கொள்வார்கள். இன்மையையும் ஓர் அளவையாகக் கொண்ட தருக்கிகளின் வழியில் வந்த கேள்வி இது. ஆகவே இருவாட்சியை விட்டுவிட்டு ஆம் என்றால் பொய். எழுதவோ மச்சானுக்கு மனம் ஒப்பவில்லை. “பறவை எங்கயாவது மஞ்சப் பூசுமா மாமா? அம்மா வேறெதையோ பாத்துட்டுச் சொல்லுது” என்றார்.

இருபத்தெட்டாம் வளைவில் நூலில் உரிய பக்கம் அகப்பட்டது. பெரிய இருவாட்சியின் அலகிலும் அதன் மேலுள்ள கொண்டையிலும் காணும் மஞ்சள், வால் அடியில் உள்ள சுரப்பியின் எண்ணெயைப் பறவை தானே எடுத்துத் தேய்த்துக்கொள்வதால் வருவது. சிறகின் வெள்ளைப் பட்டையிலும் அந்தக் கறை ஏறும். நான் இதை உரக்கப் படித்தேன். வேனில் யாரும் பேசவில்லை. அத்தை வெற்றிலையை இடக் கன்னத்திலிருந்து வலக் கன்னத்துக்கு மாற்றினார்.

தோற்றவர் முழுதாகக் கட்சி மாறுவது வாத மரபு. மச்சான் இப்போது இருவாட்சியின் தீவிர உரையாசிரியரானார். “பெட்டை மரப்பொந்துக்குள்ள போயி வாசலை அடைச்சுக்கும். ஒரு கீறல் மட்டும் விட்டுருக்கும். ஆண்தான் அத்திப்பழம் கொண்டாந்து அது வழியா ஊட்டும். பெட்டைக்கு உள்ளயே றெக்கை உதிர்ந்து முளைக்கும். இந்தப் பருவத்துல ஒத்தையாப் பறந்தா அது இரை கொண்டுபோற ஆண்தான், வேற வழியே இல்ல.” அவர் சொன்ன இயற்கைச் செய்திகளில் பிழை ஏதும் இல்லை. செயலியில் ‘பெரிய இருவாட்சி, 1’ என்று பதிந்து, குறிப்புக் கட்டத்தில் ‘ஆண், பெட்டை பொந்தில்’ என்றும் எழுதினார்.

“என்ன கண்ணு எழுதுன?” என்றார் அத்தை.

படித்துக் காட்டினார்.

“ஒண்ணா? ரெண்டு போச்சு. ரெண்டாவது கொஞ்சம் பின்னால. நீ ஜிப்போட மல்லுக்கட்டிட்டு இருந்த.”

முப்பத்தொன்றாம் வளைவில் பட்டியல் திருத்தப்பட்டது.