தக்காளி குடிக்கிற டீசல்

மின்சார ஸ்கூட்டர் வாங்கிட்ட. சந்தோஷம் மாப்ளே. எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு நீ ஓட்டிட்டுப் போன அழகை ஊரே பாத்துச்சு. ஆனா "இனி பெட்ரோல் வெலை ஏறுனா எனக்கென்ன மாமா"ன்னு கேட்ட பாரு, அங்கதான் நீ பட்டணத்துல படிச்சவன்னு தெரிஞ்சுபோச்சு. வண்டி பெட்ரோல் குடிக்கலன்னா என்ன? காலைல நீ தொட்டுத் தின்ன தக்காளிச் சட்னி, டீசல் குடிச்சிட்டுத்தான் உன் தட்டுக்கு வந்துச்சு.

நாத்து நடுறதுக்கு முன்னாடி உழணும். டிராக்டர்காரன் மணிக்கணக்குல வாடகை வாங்குறவன். டீசல் ரெண்டு ரூபா ஏறுனா வாடகையில அம்பது ஏத்துவான். ஏன்டான்னா "டயரும் ஏறிப்போச்சுண்ணே"ம்பான். அதுவும் பொய்யில்ல. டயருக்குள்ள இருக்கிற செயற்கை ரப்பரும் கச்சா எண்ணெய்ல பொறந்ததுதான். சொட்டுநீர்க் குழாய், பாத்தி மேல விரிக்கிற மல்ச்சிங் ஷீட்டு, எல்லாம் அதே வம்சம். யூரியாவுக்கு எரிவாயு வேணும், அதுல பெரும்பங்கு கப்பல்ல வருது. மூட்டை 45 கிலோ, 266 ரூபா 50 காசுன்னு அசையாம நிக்குதேன்னு பாக்குறியா? சர்க்கார் மானியம் அமுக்கிப் பிடிச்சிருக்கு. உக்ரைன் சண்டையில எரிவாயு எகிறுன 2022-23ல, உர மானியம் மட்டும் 2.5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டுச்சு. அந்தப் பணம் எங்கிருந்து வந்துச்சுன்னு நெனைக்கிற? நீ வாங்குற சோப்புலயும் செருப்புலயும் இருக்கிற வரியில இருந்துதான். வெலை ஏறுனாலும் நீதான் கட்டணும், ஏறலன்னாலும் நீதான் கட்டணும்.

ஒருநாள் என்கூட ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வா. கேரளா போற லாரிக வரிசையா நிக்கும். கமிஷன் கடையில நம்ம பெட்டியை ஏலம் விடுவாங்க. வெலை சொல்றவன் வாங்குறவன். ஆறு மாசம் பாடுபட்ட நமக்கு அங்க வாயைத் தொறக்க வேலையே இல்ல. முடிஞ்சதும் கையில ஒரு சிட்டை குடுப்பாங்க. மேல மொத்தத் தொகை கொட்டை எழுத்துல இருக்கும், பாத்ததும் குளுகுளுன்னு இருக்கும். அதுக்குக் கீழ கமிஷன், இறக்குக்கூலி, தோட்டத்துல இருந்து கொண்டுவந்த குட்டியானை வண்டி வாடகைன்னு ஒவ்வொண்ணாக் கழிச்சு, அடியில ஒரு தொகை நிக்கும். அதுதான் நமக்கு. டீசல் ஏறுனா நடு வரி கொழுக்கும், அடி வரி மெலியும். இதுக்கெல்லாம் பெரிய புத்தகம் படிக்க வேண்டியதில்ல, அந்தச் சிட்டையைப் படிச்சாப் போதும்.

இந்தப் பக்கம் லாரிக்காரன் டீசல் ஏறுனதை வியாபாரி தலையில கட்டுவான். வியாபாரி பாலக்காட்டுக் கடைக்காரன் தலையில கட்டுவான். அவன் சாப்புடுறவன் தலையில கட்டுவான். அடுத்த தலை கெடைக்காத ஆளு ரெண்டே பேருதான் மாப்ளே. வெளைவிக்கிற நான், மாசச் சம்பளம் வாங்குற நீ.

இன்னொரு கூத்து கேளு. 2012ஐ அடியா வச்சுப் போட்டாங்களே விலைவாசிக் குறியீடு, அதுல எரிபொருளுக்கும் வெளிச்சத்துக்கும் 100க்கு 6.84 பங்குதான். டீசலுக்குன்னு தனியா இருந்தது 100க்கு ஒரு பங்குகூடத் தேறாது. ஏன்னா குடும்பஸ்தன் எவன் டீசல் வாங்குறான்? நேரா வாங்க மாட்டான். வெங்காயமா, பருப்பா, பஸ் டிக்கெட்டா வாங்குவான். கணக்குல அது வேற வேற பேர்ல உக்காந்திருக்கும்.

சரி, எண்ணெய் எறங்குனா எல்லாம் எறங்கிடுமேன்னு ஆசைப்படாத. 2020 ஏப்ரல்ல அமெரிக்காவுல ஒருநாள், எண்ணெயையும் எடுத்துக்கோ, கூடவே காசும் தர்றேன்னு கெஞ்சுற நெலைமை. பீப்பா வெலை பூச்சியத்துக்குக் கீழ போயிருச்சு. நம்ம பங்க்ல என்ன ஆச்சு? மே மாசம் டெல்லியில கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபா, டீசலுக்கு 13 ரூபா ஏத்தி, எறங்க வேண்டியதை எறங்கவிடாம வழியிலயே வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் 2021லயும் 2022லயும் கொஞ்சம் கொறைச்சாங்கன்னு வையி. அதைச் சொல்லலன்னா உங்கப்பாரு என்னோட சண்டைக்கு வருவாரு.

தெனமும் காலைல வெலை மாறும்னு 2017லயே சட்டம் பேசுனாங்க. ஆனா 2021 நவம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் பங்க்ல வெலை அசையல. பீப்பா 100 டாலரைத் தாண்டுது, இங்க முள்ளு நகரல. நடுவுல உத்தரப் பிரதேசம், பஞ்சாப்னு 5 மாநிலத் தேர்தல். முடிவு வந்து பன்னெண்டாம் நாள் ஆரம்பிச்சுது பாரு, ரெண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகுறதுக்குள்ள 10 ரூபா. அதனால, பஞ்சாங்கத்துல ராகுகாலம் பாக்குறியோ இல்லியோ, வண்டி வச்சிருக்கிறவன் தேர்தல் தேதியைப் பாத்து டேங்க் நெரப்பணும்.

அந்த 2022 ஏப்ரல்ல பணவீக்கம் 7.79 சதவீதம். 6ஐத் தாண்டக் கூடாதுங்கிறது ஏற்பாடு. ரிசர்வ் வங்கி என்ன செஞ்சுது? பேங்குகளுக்குக் கடன் குடுக்குறப்ப வாங்குற ரெப்போ வட்டி 4 சதவீதம் இருந்துச்சு, அதை 2023 பிப்ரவரிக்குள்ள ஆறரைக்குக் கொண்டுபோச்சு. எண்ணெய்க் கெணத்துக்காரன் மும்பை வட்டிக்குப் பயந்தா வெலையைக் கொறைக்கப்போறான்? ரிசர்வ் வங்கிக்காரங்களுக்கும் அது தெரியும். அவங்க கணக்கு வேற. எண்ணெயைச் சாக்கா வச்சு ஆளாளுக்கு ஏத்திக்கிட்டே போகாம இருக்கணும்னா, வாங்குறவன் கையைக் கட்டணும். யார் கை கட்டுச்சு? உங்கப்பாரு வீட்டுக் கடனைக் கேளு. மாசத் தவணை ஏறல, வருஷம் ஏறிப்போச்சு. ரிட்டயர் ஆகியும் கட்டிக்கிட்டு இருப்பாரு, பாவம்.

நம்ம நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெய்ல 100க்கு 85க்கும் மேல வெளியில இருந்துதான் வருது, அதுவும் பெரும்பாலும் டாலர்ல. ரூபா எளைச்சா அதே பீப்பாய்க்கு இன்னொரு தரம் அழுவணும். இதெல்லாம் புதுசில்ல. 1973ல அரபு நாடுக எண்ணெயை நிறுத்துனப்ப, 3 டாலருக்குப் போன பீப்பா சில மாசத்துல 11 டாலரைத் தாண்டுச்சு. அடுத்த வருஷம் நம்ம நாட்டு விலைவாசி 20 சதவீதத்துக்கு மேல ஏறுச்சு. சண்டை அங்க, மண்ணெண்ணெய்க்கு டின்னோட வரிசையில நின்னவன் நான் இங்க.

பஸ்ஸுக்கும் கேஸுக்கும் கூடப் போற காசு எங்கிருந்தாவது வரணுமில்ல? நீ தீபாவளிக்கு ஒரு சட்டையைக் கொறைப்ப. ஈரோட்டுக் கடைக்காரனுக்கு அது ஒரு சட்டை இல்ல, உன்னைமாதிரி ஆயிரம் பேரோட சட்டை. அவன் தறிக்காரனுக்குக் கொறைப்பான், தறிக்காரன் வேலையாளைக் கொறைப்பான். கொறைஞ்ச வேலையாளு தக்காளியை அரைக் கிலோவாக் கேப்பான். அப்ப என் பெட்டி ஏலத்துல இன்னும் எறங்கும். உழவுக்கு ஏத்தமும் என் தலையில, வெளைச்சலுக்கு எறக்கமும் என் தலையில.

அதனால மாமன் சொல்றதைக் கேளு. வெள்ளாமை பாக்குறேன்னு கெளம்பாத. மாசச் சம்பளத்தையும் நம்பாத. புரோக்கராப் போ. சரக்கு உன்னுது இல்ல, லாரி உன்னுது இல்ல, டீசலும் உன்னுது இல்ல. எது ஏறுனாலும் உன் கமிஷன் சதவீதத்துல நிக்கும், தொகை தானா ஏறும். படிச்ச படிப்புக்கு அதைவிட ஒசந்த உத்தியோகம் இல்ல.

இந்த டீக்கடைக்காரனையே பாரு. ஒண்ணாந்தேதி ஆனா 19 கிலோ சிலிண்டர் வெலை மாறும். ஏறுன மாசம் பலகையை அழிச்சுப் புது வெலை எழுதுனான். அப்புறம் எறங்குன மாசமும் வந்துச்சு, சாக்பீஸு தீந்துபோச்சுன்னுட்டான். கிளாஸு அடி மட்டும் வருஷத்துக்கு வருஷம் கனமாயிட்டே போகுது. நானும் யார் தலையில கட்டலாம்னு கொஞ்ச நேரமாப் பாத்துட்டுத்தான் இருக்கேன். டீ ரெண்டு, வடை ஒண்ணு. குடுத்துட்டு வா மாப்ளே, உன் அத்தை தேடுவா, நான் முன்னாடி நடக்குறேன்.